மணலுக்கு அடியில்: ஒரு குதிரை அரீனாவைத் தோண்டி மறுபடியும் போட்ட அனுபவம்

அரீனாவில், அதாவது குதிரை ஓட்டிப் பழகும் மணல் திடலில், வலச்சுற்றில் வரும்போது, ஓரத்தில் இடம் காட்ட வைத்திருக்கும் ஹெச் எழுத்துப் பலகையைத் தாண்டி மூலைக்குள் நுழையும்போது அந்தப் பழுப்புக் குதிரை அடியைச் சுருக்கிக்கொள்ளும். மற்ற மூன்று மூலைகளிலும் நன்றாக நீட்டி ஓடும். மேலே உட்கார்ந்து பழகிய பெண், குதிரை சண்டித்தனம் செய்கிறது என்று நினைத்தார். கால்நடை மருத்துவர் வந்து நான்கு கால்களையும் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்றார். சைஸ் அண்ணன் மட்டும், "கால்ல ஒண்ணும் இல்ல, தரையிலதான் இருக்கு" என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். மூன்று மாதம் கழித்துத்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

குதிரைகளைப் பராமரிப்பவர்களை சிங்கப்பூரில் இன்றும் சைஸ் என்றுதான் சொல்கிறோம். இந்த அண்ணனின் அப்பாவும் சைஸ்தான், பந்தயத் திடல் புக்கிட் தீமாவில் இருந்த காலத்தில். 1999இல் திடல் கிராஞ்சிக்கு மாறியபோது அண்ணனும் அங்கே போனார். 2024 அக்டோபர் 5ஆம் தேதி கடைசிப் பந்தயம் ஓடி முடிந்த பிறகு இந்தச் சிறிய லாயத்துக்கு வந்து சேர்ந்தார். குளம்பு விழும் சத்தத்தை வைத்தே தரை எங்கே இறுகியிருக்கிறது, எங்கே சொதசொதவென்று இருக்கிறது என்று சொல்லிவிடுவார். பிறகு நான் லெவல் மெஷின் (உயர வித்தியாசத்தை அளக்கும் கருவி) வைத்துப் பார்த்த எல்லாமும் அவர் காதால் கேட்டுச் சொன்னதோடு ஒத்துப்போயின.

நான் குதிரைத் துறை ஆள் இல்லை. பள்ளித் திடல்கள், அடுக்குமாடி வீடுகளின் புல்வெளிகள் என்று மண்ணுக்கு அடியில் வடிகால் போடும் வேலையில் 18 வருஷமாக இருக்கிறேன். குதிரை அரீனா இதுதான் முதல் முறை. தமிழில் இதைப் பற்றி எழுதியவர்கள் யாரையும் நான் பார்க்கவில்லை. நம் ஆட்களில் சைஸ் வேலை, வடிகால் வேலை இரண்டையும் செய்கிறவர்கள் இங்கே இருக்கிறார்கள், அவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதி வைக்கிறேன்.

தோண்டிப் பார்த்தது

இடம் தீவின் வடக்கே, மண்டாய்ப் பக்கத்தில் ஒரு சரிவின் அடிவாரம். அரீனா 20க்கு 40 மீட்டர். நீளப் பக்கம் சரிவுக்கு இணையாகப் போகிறது. சரிவின் மேலே குதிரைகள் மேயும் புல்வெளி, அதற்கும் மேலே தார் போட்ட கார் நிறுத்துமிடம். இந்த மூன்று வரியைப் படித்ததும் வடிகால் வேலை தெரிந்தவர்களுக்குப் பாதி விஷயம் புரிந்திருக்கும்.

லாயத்துக்காரர் கேட்டது ரொம்ப எளிமையான வேலை: "மூலையில் பள்ளமாக இருக்கிறது, இரண்டு லாரி மணல் கொட்டிச் சமன் செய்து கொடுங்கள்." அவர் ஏற்கெனவே இரண்டு தடவை அப்படிக் கொட்டியிருக்கிறார். நான் மறுத்தேன். ஈர மணல் ஆழமாகச் சேரச் சேர, குதிரை ஒவ்வொரு அடிக்கும் காலைப் பிடுங்கி எடுக்க வேண்டும். 500 கிலோ உடம்பு அது. நாலுகால் பாய்ச்சலில் ஒற்றைக் கால் ஒரு நொடிப்பொழுதில் தாங்கும் விசை உடல் எடையின் இரண்டரை மடங்கு வரை போகும். ஆழ மணலில் தசைநார் இழுபடும், இறுகிய தரையில் எலும்பும் மூட்டும் அடி வாங்கும். ஒரே அரீனாவில் இரண்டும் அடுத்தடுத்து இருப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம், ஏனென்றால் அடுத்த அடி எதில் விழும் என்று குதிரைக்குத் தெரியாது. ஒரு நாள் மட்டும் கொடுங்கள், ஐந்து குழி தோண்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று கேட்டு வாங்கினேன்.

குழி வெட்டுவதற்கு முன் கேபிள் பார்த்தாக வேண்டும். சிங்கப்பூரில் மண்ணில் எந்திரம் இறக்கும் எவரும் மின்கம்பி வரைபடத்தை எடுத்து, உரிமம் பெற்ற கேபிள் கண்டறிபவரை அழைத்து வந்து காட்டிய பிறகுதான் தோண்டலாம். சின்ன வேலைதானே என்று இதை விடுகிறவர்கள் உண்டு. அடியில் உயர் அழுத்தக் கம்பி போனால் அது உயிர் போகும் விஷயம்.

நடுவில் வெட்டிய குழியில் மேலே 70 மி.மீ. மணல், அதற்குக் கீழே நேராகக் குவாரித் தூளோடு கலந்த உடைகல், அதற்குக் கீழே களிமண். இரண்டையும் பிரித்து வைக்கும் துணி நடுவில் கிடையாது. கல்லும் களிமண்ணும் பிசைந்த மாவு போல ஒன்றாகிவிட்டிருந்தன. காரணம் கேட்டால் எளிது: தண்ணீர் ஊறிய களிமண்ணின் மேல் ஒவ்வொரு முறை குளம்பு அழுத்தும்போதும் கல் கொஞ்சம் கீழே போகும், சேறு கொஞ்சம் மேலே வரும். ஆயிரம் முறை, லட்சம் முறை. கடைசியில் கல்லுக்குள் இருந்த இடைவெளி முழுக்கச் சேறு அடைத்துக்கொள்ளும், தண்ணீர் போக வழியே இல்லை. மேலே எவ்வளவு மணல் கொட்டினாலும் அது மூடிய பாத்திரத்தில் கொட்டிய மணல்தான்.

ஹெச் மூலைக் குழியைத் தோண்டும்போது அழுகிய முட்டை நாற்றம் வந்தது. மண் சாம்பல் நிறம். இந்தப் பக்கத்து மண் புக்கிட் தீமா கருங்கல் மக்கி உண்டானது, இயல்பாகச் செம்மஞ்சள் நிறம். அது சாம்பலாக மாறியிருந்தால் வருஷக்கணக்கில் காற்றே படாமல் தண்ணீரில் ஊறிக் கிடக்கிறது என்று பொருள். கூடவே கறுப்பாக ஒரு திட்டு. முன்பு அங்கே நின்ற ஏதோ மரத்தின் வேர், பிடுங்காமல் மேலே மண் போட்டு மூடியிருக்கிறார்கள். மட்கிப் பள்ளம் விழுந்துவிட்டது.

இனி நான் சொல்வதுதான் இந்த வேலையில் முக்கியமான இடம். குழிகளை இரவு முழுக்கத் திறந்து வைத்துவிட்டுக் காலையில் போய்ப் பார்த்தேன். மழை இல்லை. ஆனாலும் சரிவுப் பக்கத்துக் குழி இரண்டிலும் முழங்கால் அளவு தண்ணீர். இறைத்துவிட்டுக் குந்தி உட்கார்ந்து பார்த்தேன். சரிவைப் பார்த்த சுவரில், சுமார் 500 மி.மீ. ஆழத்தில், வியர்வை போலத் தண்ணீர் கசிந்து இறங்கிக்கொண்டிருந்தது. எதிர்ச்சுவர் காய்ந்திருந்தது. அதாவது அரீனாவில் தேங்கிய தண்ணீர் எல்லாம் அரீனாவின் மேல் பெய்த மழை இல்லை. மேலே புல்வெளியில் பெய்து மண்ணுக்குள் இறங்கியது, களிமண்ணின் மேல் நழுவி இரண்டு மூன்று நாள் கழித்து இங்கே வந்து சேர்கிறது. மழை நின்று மூன்று நாள் ஆன பிறகும் அந்த மூலை ஏன் காயவில்லை என்ற கேள்விக்கு அங்கே விடை கிடைத்தது.

பழைய வடிகால் குழாயும் இருந்தது. துளையிட்ட 100 மி.மீ. குழாய், சுற்றிலும் துணி உறை. வெட்டிப் பார்த்தால் உள்ளே முக்கால்வாசி வண்டல், துணியின் கண்கள் அடைத்துப் பலகை மாதிரி ஆகிவிட்டன. லெவல் மெஷின் வைத்துப் பார்த்தேன். தண்ணீர் வெளியேற வேண்டிய முனை, நடுக் குழாயை விட 40 மி.மீ. மேலே இருந்தது. போட்டவர்கள் ரசமட்டத்தைக் குழாயின் மேல் வைத்துப் பார்த்திருந்தால்கூடத் தெரிந்திருக்கும்.

கணக்கு

ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. மழை என்றால் ஒரு லிட்டர். 800 சதுர மீட்டர் அரீனாவில் ஒரு மணி நேரத்தில் 50 மி.மீ. கொட்டினால் 40,000 லிட்டர். இங்கே அப்படிக் கொட்டுவது அபூர்வம் இல்லை. சரிவில் சுமார் 1,200 சதுர மீட்டர் இந்தப் பக்கம் வடிகிறது. அங்கே பெய்வது 60,000 லிட்டர். அதில் எவ்வளவு மண்ணுக்குள் போகும், எவ்வளவு மேலோடு ஓடி வரும் என்பது வேறு கணக்கு. ஆனால் மேலிருந்து வருவது அரீனாவின் சொந்த மழையை விடப் பெரிய பங்கு என்பதை லாயத்துக்காரருக்குக் காட்ட இந்த இரண்டு எண்களே போதுமாக இருந்தன. அவர் அதன் பிறகு மணல் பேச்சை எடுக்கவில்லை.

அரீனா கட்டுவது பற்றி வெளிநாட்டுக் குதிரைக்காரர்கள் எழுதிய குறிப்புகள் நிறையப் படித்தேன். நல்ல குறிப்புகள்தான், ஆனால் பெரும்பாலும் நாள் முழுக்கத் தூறும் ஊர்களை நினைத்து எழுதியவை. அங்கே மழை மெல்ல இறங்கும், மணல் மெல்லக் குடிக்கும். நமக்கு வருஷத்துக்கு 2,100 மி.மீ.க்கு மேல் பெய்கிறது, அதுவும் தூறலாக அல்ல, அடைமழையாகவும் திடீர்ப் பொழிவாகவும். சுமத்ரா பக்கத்திலிருந்து விடியற்காலையில் காற்றோடு வரும் மழையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். அந்த ஒரு மணி நேரத்தில் எந்த மணலாலும் முழுவதையும் குடிக்க முடியாது. ஆகவே இங்கே அரீனா இரண்டு வேலையும் செய்ய வேண்டும்: முடிந்த அளவு கீழே இறக்க வேண்டும், மிஞ்சியதை மணலை அரிக்காமல் மேலோடு ஓட்டிவிட வேண்டும். அதற்கு முன்பாக, வெளித் தண்ணீரை உள்ளேயே விடக்கூடாது. வேலையின் வரிசையும் அதுவேதான். முதலில் வெளித் தடுப்பு, பிறகு அடித்தளம், கடைசியில்தான் மணல்.

மூன்றாம் நாள் மழை

நான் செய்த ஒரு தவறையும் இங்கேயே எழுதிவிடுகிறேன், வேறு யாரும் செய்யக்கூடாது என்பதற்காக. தடுப்பு வடிகால் முடிந்து அடித்தளத்துக்கு வந்தபோது, வேலை சீக்கிரம் முடியட்டும் என்று முழு அரீனாவையும் ஒரே மூச்சில் திறந்தேன். பழைய மணல், கல் எல்லாம் வாரி எடுத்து, களிமண் தளத்தை அழகாகச் சீவி, மறுநாள் உருளை ஓட்டலாம் என்று நிறுத்தினோம். மூன்றாம் நாள் விடிகாலை ஐந்து மணிக்குக் காற்று. நான் எழுந்து சன்னலைப் பார்த்தபோதே வயிறு கலங்கியது. போய்ப் பார்த்தால் 800 சதுர மீட்டரும் கஞ்சி. எக்ஸ்கவேட்டர் உள்ளே இறங்கினால் சங்கிலி புதைகிறது.

நான்கு நாள் வெயிலுக்குக் காத்திருந்தோம். பிறகு மேலே 150 மி.மீ. சேற்றைச் சுரண்டி எடுத்து அப்புறப்படுத்தினோம். அந்த ஆழத்தை நிரப்பக் கூடுதல் கல் வாங்க வேண்டியதாயிற்று, அதன் செலவை நான் ஏற்றுக்கொண்டேன். அதற்குப் பிறகு அரைப்பாதி அரைப்பாதியாகத்தான் செய்தோம். அன்றைக்குத் திறந்ததை அன்றைக்கே துணியும் கல்லும் போட்டு மூடினோம். முடியாத நாளில் கித்தான் போட்டு ஓரத்தில் மணல் மூட்டை வைத்தோம்.

சேற்றுத் தண்ணீர் லோங்காங்கில், அதாவது பொது வடிகாலில், போகாமல் பார்ப்பதும் நம் பொறுப்பு. கட்டுமான இடத்திலிருந்து பொது வடிகாலில் விடும் நீரில் ஒரு லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் மண் துகள் இருக்கக்கூடாது என்பது விதி. கண்ணாடிக் குவளையில் பிடித்தால் ஏறக்குறையத் தெளிவாகத் தெரிய வேண்டும். அதற்காகக் கீழ்ப்பக்கம் வண்டல் வேலியும், ஒரு தற்காலிகக் குழியும் வைத்தோம். அந்த மழையில் குழி நிரம்பி வழியும் நிலைக்கு வந்தது, பம்ப் வைத்துத் தண்ணீரை மேலே புல்வெளிக்கு அனுப்பிச் சமாளித்தோம்.

இன்னொன்று. இந்த ஊர் ஈர மண்ணில் மெலியோய்டோசிஸ் உண்டாக்கும் கிருமி இருக்கிறது. மனிதருக்கும் வரும், குதிரைக்கும் வரும், சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு உயிராபத்து. எங்களில் இரண்டு பேருக்குச் சர்க்கரை. கையில் காலில் சிறு கீறல் இருந்தாலும் நீர்புகாப் பிளாஸ்திரி, ரப்பர் பூட்ஸ், கையுறை இல்லாமல் யாரையும் சேற்றில் இறங்க விடவில்லை.

தடுப்பு வடிகால்

சரிவுப் பக்கம், அரீனாவின் மரச்சட்டத்துக்கு 2.5 மீட்டர் தள்ளி, 44 மீட்டர் நீளத்துக்கு ஒரு வாய்க்கால் வெட்டினோம். தொடக்கத்தில் 750 மி.மீ. ஆழம், முடிவில் 1,200க்குச் சற்றுக் குறைவு, 100க்கு ஒன்று இறக்கம். ஆழத்தை நிர்ணயித்தது குழியில் பார்த்த அந்தக் கசிவுதான். கசிவு 500 மி.மீ.யில் வருகிறது என்றால் அதற்குக் கீழே போனால்தான் பிடிக்க முடியும். 300 மி.மீ.யில் ஒரு வாய்க்கால் வெட்டிவிட்டு வடிகால் போட்டாயிற்று என்று சொல்வதில் பயனே இல்லை, தண்ணீர் அதற்கு அடியில் நுழைந்து போய்விடும்.

வாய்க்காலின் மூன்று பக்கமும் ஜியோ துணி (தண்ணீரை விட்டு மண்ணைப் பிடிக்கும் துணி) விரித்து, அடியில் 50 மி.மீ. கல், அதன் மேல் 150 மி.மீ. துளைக் குழாய், பிறகு மேல்வரை கழுவிய முக்கால் ஜல்லி, துணியை மேலே மடித்து மூடி, அதன் மேல் மண், புல். துணி மண்ணுக்கும் கல்லுக்கும் நடுவில் இருக்க வேண்டும், குழாயைச் சுற்றி அல்ல. குழாயில் சுற்றினால் வடிகட்டும் பரப்பு சின்னதாகிச் சீக்கிரம் அடைக்கும். முன்பு தோண்டி எடுத்த குழாயில் அதைத்தான் பார்த்தோம்.

புதுக்கோட்டையிலிருந்து வந்து ஆறு மாதமே ஆன தம்பி ஒருவர் குழாயைத் துளை மேலே தெரிய வைத்துக்கொண்டிருந்தார். "அண்ணே, தண்ணி மேலேருந்துதானே வருது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. வாய்க்காலில் தண்ணீர் அடியில் சேர்ந்து மட்டம் ஏறி வரும், துளை கீழ்ப்பக்கம் இருந்தால் மட்டம் கொஞ்சம் ஏறியதும் குழாய்க்குள் புகுந்து ஓடிவிடும். மேலே இருந்தால் குழாய் உயரம் முழுக்கத் தேங்கிய பிறகுதான் உள்ளே போகும், அதுவரை அடிமண் ஊறிக்கொண்டே இருக்கும். ஒரு வாளியில் குழாய்த் துண்டை வைத்துத் தண்ணீர் ஊற்றிக் காட்டினேன். அதற்குப் பிறகு அந்தத் தம்பியே மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்.

மேலோடு வரும் தண்ணீரை இந்தக் குழாய்க்குள் விடவில்லை. அதில் இலை, சாணம், மண் எல்லாம் வரும். வாய்க்காலுக்கு மேல்புறம் புல் போட்ட ஆழமற்ற ஓடை ஒன்றைத் தனியாக அமைத்து நேராக லோங்காங்கில் சேர்த்தோம். இரண்டு முனையிலும் குழாயை நிமிர்த்தி மூடி போட்டு வைத்தேன், ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஓஸ் விட்டுக் கழுவ.

தடுப்பு வடிகால் முடிந்த நான்காவது நாள், அரீனா குழிகளில் தண்ணீர் ஊறுவது நின்றுவிட்டது. மற்ற எதையும் தொடுவதற்கு முன்பே. அங்கேயே வேலையை நிறுத்தியிருந்தால்கூட அந்த அரீனா முன்பை விட நன்றாக இருந்திருக்கும் என்பது என் கருத்து.

அடித்தளம்

தளத்துக்கு ஒரே பக்கச் சாய்வு கொடுத்தோம், சரிவிலிருந்து எதிர்ப்பக்கம் 20 மீட்டருக்கு 200 மி.மீ. இறக்கம். நடுவில் உயர்த்தி இரண்டு பக்கமும் சாய்ப்பவர்களும் உண்டு. இங்கே அப்படிச் செய்தால் பாதித் தண்ணீரைத் திரும்பவும் சரிவுப் பக்கமே அனுப்புவதாகும். 100க்கு ஒன்று சாய்வு குதிரைக்கும் தெரியாது, ஏறியிருப்பவருக்கும் தெரியாது.

ஈரக் களிமண்ணில் அதிர்வு உருளை ஓட்டக்கூடாது. அதிர்வு கீழே இருக்கும் ஈரத்தை மேலே இழுத்து வரும், தளம் ரொட்டி மாவு போலத் துள்ளும். அதிர்வை நிறுத்திவிட்டு வெறும் எடையில் உருட்டினோம். பிறகு கல் ஏற்றிய லாரியை மெதுவாக மேலே ஓட்டச் சொல்லி, நான் சக்கரத்தோடு கூடவே நடந்தேன். எங்கே தரை அமுங்கி எழுகிறதோ அங்கே சுண்ணாம்புக் குறி. மூன்று இடம் கிடைத்தது. ஹெச் மூலை எதிர்பார்த்ததுதான். அங்கே இன்னும் 600 மி.மீ. தோண்டி, வேர், கறுப்பு மண் எல்லாவற்றையும் எடுத்து, துணி விரித்து, கைப்பிடி அளவுக் கல் நிரப்பி, மறுபடி லாரியை ஓட்டினோம். அசையவில்லை.

அதன் பின் 5 மீட்டருக்கு ஒன்றாகக் குறுக்கு வடிகால்கள், கீழ்ப்பக்கம் ஒரு சேர்ப்புக் குழாய், ஒரு வண்டல் தொட்டி, அங்கிருந்து லோங்காங். இது எல்லோரும் செய்யும் வேலை, விரிவாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வண்டல் தொட்டியில் தண்ணீர் நிற்கும், நின்றால் ஒரு வாரத்தில் ஏடிஸ் கொசு பறந்துவிடும். அடியில் சிறு துளைகள் போட்டு, கீழே கல் நிரப்பி, மழை நின்ற பிறகு மெல்ல வடிந்து காயும்படி செய்தோம். மேலே கம்பி வலை.

தளம் முழுக்கக் கனமான ஜியோ துணி, ஒன்றின் மேல் ஒன்று 500 மி.மீ. ஏறும்படி. அதன் மேல் 150 மி.மீ. உடைத்த கருங்கல் ஜல்லி, முக்கால் ஜல்லியும் ஒன்றரை ஜல்லியும் கலந்து. மொத்தம் 120 கன மீட்டர், சுமார் 180 டன். வந்த முதல் லாரியைத் திருப்பி அனுப்பினேன். ஒரு கைப்பிடி ஜல்லியை வாளித் தண்ணீரில் அலசினால் தண்ணீர் பால் மாதிரி ஆயிற்று. அவ்வளவு தூள் இருந்தால் ஒரு வருஷத்தில் கீழே அடைத்துக்கொள்ளும். கூழாங்கல்லும் ஆகாது, உருண்டு விலகும். கூர் முனையுள்ள உடைகல்தான் ஒன்றையொன்று பிடித்து நிற்கும், நடுவில் தண்ணீருக்கு வழியும் விடும்.

கல்லுக்கு மேல் இன்னொரு துணி, தண்ணீரை விட்டு மணலைப் பிடிக்க. சுருக்கம் இல்லாமல் இழுத்து விரிக்கவே ஒரு நாள் முழுக்க ஆயிற்று. சுருக்கம் இருந்தால் லாடத்தின் முனை அதில் மாட்டிக் கிழிக்கும், ஒரு தடவை கிழிந்தால் கல் மேலே வர ஆரம்பிக்கும்.

மணல்

மணலில்தான் நான் அதிகம் கற்றுக்கொண்டேன். வடிகால்காரனுக்குத் தண்ணீர் எவ்வளவு வேகமாகப் போகிறதோ அவ்வளவு நல்லது. சைஸ் அண்ணன் அதை ஏற்கவில்லை. "தம்பி, ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில நடந்திருக்கீங்களா? எந்த இடத்துல கால் புதையாம நடப்பீங்க?" என்று கேட்டார். யோசித்தேன். மேலே காய்ந்த மணலில் கணுக்கால் வரை புதையும். தண்ணீருக்குள் கால் வைத்தாலும் மணல் நழுவும். அலை தொட்டுப் போன, ஈரம் மட்டும் மிஞ்சிய அந்தப் பட்டையில்தான் நிமிர்ந்து நடப்போம். மணல் துகள்களைச் சேர்த்துப் பிடிப்பது அந்த மெல்லிய ஈரம். அரீனாவுக்கு வேண்டியதும் அந்தப் பட்டைதான், எல்லா நாளும், எல்லா இடத்திலும். ஆகவே மணல் உபரியை விட்டுவிட்டு ஈரத்தை வைத்துக்கொள்ள வேண்டும்.

கட்டடத்துக்குப் போடும் பருமணல் இதற்குச் சரிப்படாது. தண்ணீர் சட்டென்று இறங்கிவிடும், துகள் பெரியதாக இருப்பதால் காய்ந்ததும் உருளும். நாங்கள் எடுத்தது கழுவிய நுண் சிலிக்கா மணல், துகள் பெரும்பாலும் 0.15 முதல் 0.3 மி.மீ. வரை, கூடவே வேர் போலப் பிடித்துக்கொள்ளச் செயற்கை நாரும். மணலே நம் ஊரில் இல்லாத பொருள். 2007இல் இந்தோனேசியா ஏற்றுமதியை நிறுத்தியபோது கட்டுமான வேலைகள் என்ன பாடுபட்டன என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதனால் தவறான மணலை வாங்கிக் கொட்டுவது இங்கே இரட்டை நஷ்டம்.

வாங்குவதற்கு முன் மாதிரியைப் பாட்டிலில் சோதித்தோம். பாட்டிலில் பாதி மணல், மீதி தண்ணீர், நன்றாகக் குலுக்கி வைத்துவிட வேண்டும். மணல் ஒரு நிமிஷத்துக்குள் படியும், வண்டல் அதன் மேல் மெல்லப் படலமாக உட்காரும், களி இருந்தால் மறுநாள் வரை தண்ணீர் கலங்கியே இருக்கும். அரீனாவின் பழைய மணலைச் சோதித்தபோது ஒரு விரல்கடை வண்டல் படிந்தது. எல்லாம் வாங்கும்போதே வந்ததில்லை. சாணம் மிதிபட்டுத் தூளானது, ஓரத்தில் நிற்கும் தூங்குமூஞ்சி மரத்தின் சிறு இலைகள் மட்கியது, மணலே உரசித் தேய்ந்தது எல்லாம் சேர்ந்த வண்டல். சாணத்தை உடனுக்குடன் அள்ள வேண்டும் என்று சைஸ்கள் வற்புறுத்துவது சுத்தத்துக்காக மட்டும் இல்லை.

மணலை இரண்டு அடுக்காகப் போட்டோம், ஒவ்வொன்றையும் நனைத்து, உருட்டி. முடிவில் 125 மி.மீ. 75க்குக் கீழே போனால் குளம்பு துணியைத் தொட்டுவிடும் என்பதால் ஓரத்துச் சட்டத்தில் உள்பக்கம் மஞ்சள் கோடு போட்டுக் கொடுத்தேன். குதிரைகள் ஓரத்திலேயே ஓடி மணலை வெளிப்பக்கம் தள்ளும். வாரம் இரண்டு முறை இழுத்துச் சமன் செய்தால் போதும் என்று நான் சொன்னேன், அண்ணன் தினமும் செய்கிறார். அவர் செய்வதே சரி.

முதல் சோதனை

மணல் போட்டுப் பதினாறாம் நாள் விடியற்காலை சுமத்ரா மழை வந்தது. இந்த முறை நானே கிளம்பிப் போனேன். வேலியில் கட்டியிருந்த மழைமானியில் ஒன்றரை மணி நேரத்தில் 62 மி.மீ. மழை உச்சத்தில் இருந்தபோது அரீனா முழுக்க மெல்லிய தண்ணீர்ப் படலம், கீழ்ப்பக்கம் நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்து லாயத்துக்காரர் பதறிவிட்டார். கொஞ்சம் பொறுங்கள் என்றேன். நான் பார்த்துக்கொண்டிருந்தது லோங்காங்கில் விழும் குழாய் வாயை. முதலில் கலங்கலாக வந்தது, கால் மணி நேரத்தில் தெளிந்தது. தடுப்பு வடிகாலின் குழாய் மழை நின்ற பிறகுதான் வேகம் பிடித்தது, மறுநாள் மாலை வரை ஓடிக்கொண்டே இருந்தது. முன்பெல்லாம் அந்தத் தண்ணீர் முழுவதும் ஹெச் மூலைக்குத்தான் போயிருக்கும்.

மழை நின்ற நாற்பதாவது நிமிஷம் குட்டை எங்கேயும் இல்லை. இரண்டு மணி நேரம் கழித்து அண்ணன் அந்தப் பழுப்புக் குதிரையை நீளக் கயிற்றில் பிடித்துச் சுற்ற விட்டார். நான் மூலையில் நின்று குளம்புத் தடத்தைப் பார்த்தேன். தடம் தெளிவாக விழுந்தது, சுற்றிலும் மணல் சரியவில்லை, உள்ளே தண்ணீர் ஊறவில்லை. அண்ணன் தடத்தைப் பார்க்கவே இல்லை, தலையைக் கொஞ்சம் சாய்த்து சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார். நான்கு மூலையிலும் ஒரே சத்தம் என்றார்.

ஒரே ஒரு குறை. கீழ்ப்பக்க வாசலில், கதவு திறக்கும் இடத்தில் சட்டப் பலகை இல்லை, அந்த இடைவெளி வழியாக இரண்டு தள்ளுவண்டி அளவு மணல் அரித்துக்கொண்டு போய்விட்டது. அடுத்த வாரம் அங்கே கழற்றி மாட்டக்கூடிய ஒரு ரப்பர் தடுப்பு போட்டோம், தண்ணீர் போக அடியில் பத்து மி.மீ. சந்து விட்டு, அதற்குத் துணி ஒட்டி. டிசம்பர் மழைக்கு அது தாங்குகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்காகவே வாசலருகில் மட்டக்குறி ஆணி இரண்டு அடித்து, அளவை அண்ணனின் நோட்டில் எழுதி வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.